காசிமேட்டுக்காரருக்கு முழுக்கை வெட்சூட் எதற்கு?

சென்னைக் கடலில் நீந்த, குளிர்நீருக்கான ரப்பர் உடையான வெட்சூட் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில் போட்டு வைக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேராவது குறைவார்கள். ஜனவரியில்கூட நம் கரையோரக் கடல்நீர் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. மே மாதத்தில் 30 டிகிரியை ஒட்டிவிடும். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு கடலில் குதிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பழகுகிறவர்கள் ஒரு கட்டத்தில் வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். கோவாவோடு நின்றால் சிக்கல் இல்லை. 2019இல் அங்கே தொடங்கிய அயர்ன்மேன் 70.3 என்ற நெடுந்தூர டிரையத்லான் போட்டியில் அரபிக்கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், வெட்சூட்டுக்கு வேலையில்லை. கோபன்ஹேகன், நியூசிலாந்தின் டவுப்போ ஏரி, மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸல்டன் என்று போனால் கதை வேறு. தண்ணீர் 20 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஏசியை 24இல் வைத்தாலே போர்வை தேடும் உடம்பு, அந்த நீரில் 1900 அல்லது 3800 மீட்டர் நீந்தியாக வேண்டும்.

வெட்சூட்டைப் பழக வேண்டிய இடம் குளிர்நீர். நம்மிடம் இருப்பதோ வெயில். ஆகவே நம் ஊர்க்காரர் இதைக் கற்கும் வரிசையே வேறு. பெரும்பகுதியை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே கற்க வேண்டும். தண்ணீரில் போட்டுப் பார்ப்பது கொஞ்சம்தான், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் 'சூட்டைப் போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை ஏரியில் நீந்துங்கள்' என்று சொல்லும். அதை அப்படியே இங்கே செய்யாதீர்கள்.

அந்த ரப்பருக்குள் என்ன இருக்கிறது

வெட்சூட் நியோப்ரீனால் ஆனது. 1930களில் டூபாண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பர் இது. நுரைக்கவைத்து, உள்ளே லட்சக்கணக்கான சிறு வாயுக் குமிழ்களை அடைத்துத் தகடாக்குகிறார்கள். அந்தக் குமிழ்கள் இரண்டு வேலை செய்கின்றன. உடம்புச் சூடு வெளியே போகாமல் தடுக்கும், உடம்பை மிதக்கவும் வைக்கும். சூட்டுக்குள் நுழையும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அப்படியே தங்கும். உள்ளே தண்ணீரே வரக்கூடாது என்று நினைப்பது தவறு. கொஞ்சம் வரும், வந்தால் தவறில்லை. வந்த நீர் வெளியே ஓடி, புதுக் குளிர்நீர் மறுபடி மறுபடி நுழைந்தால்தான் தொல்லை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கடற்படை முக்குளிப்பவர்களை மனத்தில் வைத்து வெட்சூட்டை வடிவமைத்தார். டிரையத்லானுக்கென்றே தனி சூட் வந்தது 1987இல், குவின்டானா ரூ நிறுவனத்தைத் தொடங்கிய டான் எம்ஃபீல்ட் மூலம். இந்த வித்தியாசம் கடையில் உதவும். கோவளம் பக்கம் அலைச்சறுக்குக்கும் முக்குளிப்புக்கும் வைத்திருக்கும் சூட்டுகளின் வெளிப்புறம் பெரும்பாலும் துணி போர்த்தியிருக்கும். பாறையில் உரசினாலும் தாங்கும், ஆனால் தோள் சுழல விடாது, தண்ணீரைக் குடித்துக் கனமாகும். டிரையத்லான் சூட் வெளியே வழவழப்பான ரப்பர், உள்ளே துணி. நெஞ்சிலும் தொடையிலும் 4, 5 மில்லிமீட்டர் தடிமன், தோளிலும் கையிலும் ஒன்றரை அல்லது இரண்டு. நகம் பட்டாலே கீறிவிடும் அளவுக்கு மென்மை. நண்பர் ஒருவர் தன் முக்குளிப்பு சூட்டை இரவல் தருகிறேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று விடுங்கள்.

முதலில் விதி, பிறகு கடை

போட்டியில் வெட்சூட் போடலாமா என்பது அன்றைய நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. அயர்ன்மேன் போட்டிகளில் வயதுப் பிரிவினருக்கு, அதாவது தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்கு, 24.5 டிகிரி வரை தடையில்லை. அதற்கு மேல் 28.8 வரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் பரிசுக்கும் உலகப் போட்டிக்கான இடத்துக்கும் உரிமை கிடையாது. 28.8ஐத் தாண்டினால் கூடவே கூடாது. உலக டிரையத்லான் அமைப்பின் விதியில் வயதுப் பிரிவினருக்கு 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் 22 டிகிரிக்கு மேல் தடை, அதைவிட நீண்ட தூரத்துக்கு 24.6க்கு மேல் தடை. 15.9க்குக் கீழே போனால் வெட்சூட் கட்டாயம். இரண்டு அமைப்பிலும் தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. உள்ளூர் அமைப்பாளர்கள் வேறு எல்லைகள் வைத்திருக்கலாம், எனவே பெயர் கொடுத்த போட்டியின் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

கையேட்டில் இன்னொன்றும் பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் அந்த இடத்தில் நீர் எத்தனை டிகிரி இருந்தது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 23, 24 என்று எல்லையை ஒட்டி இருந்தால், போட்டி நாள் காலையில் 'வெட்சூட் இல்லை' என்று அறிவிக்கவும் கூடும். அந்தக் காலையில் கலங்காமல் இருப்பதற்கான ஏற்பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

முழுக்கையா, கையில்லாததா

முழுக்கையே என் சிபாரிசு. கையில்லாத சூட்டில் தோளுக்குச் சுதந்திரம் அதிகம், விலையும் குறைவு, ஆனால் அக்குள் வழியாகத் தண்ணீர் எளிதாகப் புகும். நம் பக்கத்தவர்களுக்குக் குளிர்தான் முதல் எதிரி. கடலில் பழகிய நீச்சல்காரர் பலருக்குக் கால் தாழும் பழக்கம் உண்டு. தலையைத் தூக்கியே நீந்திப் பழகினால் இடுப்பு தானாகக் கீழே போகும். அப்படிப்பட்டவர்களைத்தான் முழுக்கை வெட்சூட் அதிகம் தூக்கிவிடும். சுத்தமான ஃப்ரீஸ்டைல் உள்ளவர்களுக்கு ஆதாயம் குறைவு.

அளவுதான் எல்லாம். ஒவ்வொரு நிறுவனமும் உயரம், எடை, நெஞ்சுச் சுற்றளவு போட்ட அட்டவணை தரும். ஒன்றின் நடு அளவு இன்னொன்றின் சிறிய அளவாக இருக்கலாம். உயரமும் எடையும் வெவ்வேறு கட்டத்தில் விழுந்தால் எடையையும் நெஞ்சையும் நம்புங்கள், கால் நீளம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தெரிந்தால்கூடத் தவறில்லை. பெண்களுக்கான சூட் நெஞ்சிலும் இடுப்பிலும் வேறு வெட்டு, ஆண்களுடையதைச் சிறிய அளவில் வாங்கினால் பொருந்தாது. அளவெடுத்த பிறகு எடை நான்கைந்து கிலோ மாறியிருந்தால் மறுபடி அளவெடுங்கள்.

சென்னையில் டிரையத்லான் சூட்டைப் போட்டுப் பார்த்து வாங்குவது கடினம். ஆர்கா, சோன்த்ரீ, புளூசெவன்டி, ஹூப், ரோக்கா என்று பெயர்கள் பல இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேரும், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய தலைவலி. ஒரே ஒரு போட்டிக்காக என்றால், போட்டி நடக்கும் ஊரில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வாடகை சூட் எடுத்தால் போட்டிக்கு மூன்று நாள் முன்பாவது போய்ச் சேர்ந்து அதைப் போட்டு நீந்திப் பாருங்கள். முதன்முதலில் போட்டியன்று மட்டும் வேண்டாம். வெளியூர் போய் வந்த டிரையத்லான் நண்பர்களிடம் பழையது கிடைத்தாலும் நல்லதே. வாங்குமுன் கழுத்து, அக்குள், ஜிப்பின் அடிமுனை ஆகிய மூன்று இடங்களிலும் தையலை இழுத்துப் பாருங்கள், பழைய சூட் முதலில் வாய் திறப்பது அங்கேதான்.

போடுவது எப்படி

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் முறை இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடியற்காலை நல்லது. மொட்டைமாடி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டியில் தொடங்கித் தெருவே கேள்வி கேட்கும். குளித்துவிட்டு உடம்பை நன்றாகத் துவட்டி, மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் நின்று, வியர்வை அடங்கிய பிறகு தொடங்குங்கள். வியர்வை பட்ட தோலில் நியோப்ரீன் ஒட்டிக்கொண்டு நகராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதித் தகராறு இதனால்தான்.

கை கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையில் கட்டிய சாமிக் கயிறு மணிக்கட்டு ஓரத்தில் மாட்டும், அதைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டால் போதும். மெட்டியைக் கழற்ற மனமில்லையென்றால் அதன்மேல் மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், சூட் ஏறியதும் சாக்ஸை உருவிவிடலாம். உள்ளே போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் போடும் அதே ஒற்றை உடை, டிரைசூட்தான் இருக்க வேண்டும். தடித்த டீ சர்ட், பருத்தி உள்ளாடை கூடாது. மடிப்பு விழும் இடமெல்லாம் தோல் உரியும்.

கழுத்தைச் சுற்றிலும், மணிக்கட்டிலும், கணுக்காலிலும் வழுக்கும் பூச்சு தடவுங்கள். வெட்சூட்டுக்கென்றே விற்கும் நீர் சார்ந்த அல்லது சிலிக்கான் பூச்சு நல்லது. வாசலினும் குழந்தைகளுக்குத் தடவும் மினரல் ஆயிலும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, நியோப்ரீனையும் அதன் பசையையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் என்று உடனே கேட்பீர்கள். தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணெய்க் கையோடு நீச்சல் கண்ணாடியைத் தொட்டால், முழுப் பந்தயத்தையும் பனிமூட்டத்துக்குள் நீந்த வேண்டியதுதான். எதைப் பூசினாலும் பூசிய கையைத் துடைத்த பிறகே கண்ணாடியை எடுங்கள்.

ஜிப் முதுகுப் பக்கம் வர வேண்டும். எல்லோரும் ஒரு முறையாவது குழம்பும் இடம் இது. சூட்டை இடுப்பு வரை வெளிப்புறமாக மடித்துவிட்டு, உட்கார்ந்துகொள்ளுங்கள். வலது காலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டுங்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக் தடை என்றாலும் எந்த வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடைக்காமல் போகாது. கவர் போட்ட கால் சரசரவென்று நுழையும். பாதம் வெளியே வந்ததும் கவரை உருவி இடது காலுக்கு மாட்டுங்கள்.

இனி இழுக்கக்கூடாது, ஏற்ற வேண்டும். தலையணைக்கு உறை போடும்போது மூலையை முதலில் நிரப்பிவிட்டுத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோமே, அதே கை வேலை. விரல் நுனியால் கிள்ளாமல், விரலின் சதைப்பகுதியால் ரப்பரைப் பிடித்து ஓரிரண்டு அங்குலமாக மேலே தள்ளுங்கள். முதலில் கெண்டைக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. ஒரு காலை முடித்துவிட்டு மறுகாலுக்குப் போக வேண்டாம், இரண்டையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு வாருங்கள். தொடையிடுக்கில் இடைவெளியே இல்லாமல் சூட் ஒட்டும் வரை இடுப்புக்கு மேலே போகாதீர்கள். புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். இடுக்கில் இரண்டு அங்குலம் தொங்கினால், அந்த இரண்டு அங்குலத்தையும் தோளிலிருந்து கடன் வாங்க வேண்டிவரும். அப்புறம் ஒவ்வொரு கைவீச்சுக்கும் சூட் உங்களைக் கீழே இழுக்கும். நீந்தி முடித்தபின் 'வெட்சூட் தோளைக் கொல்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு தோளில் கிடையாது, தொடையில்தான்.

இடுப்பு, வயிறு, நெஞ்சு வரை ஏற்றிய பிறகு கை. கவரைக் கையில் மாட்டி நுழைத்து, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே ஓரம் நிற்கும்படி வையுங்கள். முழங்கையிலிருந்து தோள் வரை மறுபடி அதே ஏற்றும் வேலை. தோளுக்கு மேல், கழுத்தை ஒட்டி, ரப்பர் கொஞ்சம் மிச்சமாகச் சுருங்கி நிற்க வேண்டும். கை சுழலும்போது நீளப்போவது அந்த மிச்சம்தான். இரண்டு கையும் முடிந்ததும் முன்னால் குனிந்து, வயிற்றுப் பக்கத்து ரப்பரை நெஞ்சுக்குத் தள்ளுங்கள்.

ஜிப்புக்கு இன்னொருவர் வேண்டும். பயிற்சியிலேயே வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி தோள்பட்டை எலும்புகளை நெருக்கி நில்லுங்கள். உதவுபவர் ஜிப்பின் இருபக்கத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மெதுவாக மூட வேண்டும். தலைமுடி நீளமாக இருந்தால் முன்பே கொண்டை போட்டுவிடுங்கள். சில சூட்டுகளில் ஜிப் மேலிருந்து கீழே இழுத்தால்தான் மூடும், வாங்கியதும் அதைப் பார்த்து வையுங்கள். கழுத்துப் பட்டையை ஒட்டும்போது அதன் சொரசொரப்பான பக்கம் தோலில் படக்கூடாது. பட்டால் உப்புநீரில் அரை மணி நேரத்தில் கழுத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடும்.

இப்போது சரிபாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள். தொடையிடுக்கில் இழுப்பு தெரிந்தால் மறுபடி கீழிருந்து ஏற்றுங்கள். அடிமுதுகில் காற்றுப்பை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரிதாக இருந்தால் சூட் பெரிது. ஆழமாக மூச்சிழுங்கள். தரையில் நெஞ்சு இறுக்கமாக இருப்பது இயல்பே, தண்ணீரில் கொஞ்சம் தளரும். முழு மூச்சே எடுக்க முடியவில்லை என்றால் சூட் சிறிது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

போட்டு முடித்ததும் உடனே கழற்றுங்கள். சென்னை வீட்டில் மூடிய வெட்சூட்டோடு சும்மா நிற்பதே உடம்பைச் சூடேற்றிவிடும்.

தண்ணீரில் எங்கே, எவ்வளவு நேரம்

வடசென்னைக் கடல் இதற்கு ஆகாது. எண்ணூர் விரைவுச் சாலையோரம் கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும் இருக்கும் இடத்தில், நீந்துகிறவரை அலை தூக்கிக் கல்லில்தான் போடும். மீன்பிடித் துறைமுகத்தையும் சென்னைத் துறைமுகத்தையும் ஒட்டிப் படகும் கப்பலும் ஓயாது. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்த எண்ணெயை அள்ளியவர்களும் அதனால் தொழில் இழந்தவர்களும் இங்குள்ள மீனவர்கள்தான். உங்கள் தோலுக்கும் அது கேடு, நியோப்ரீனுக்கும் கேடு.

ஆகவே நீச்சல்குளம். மாநகராட்சியின் மெரினா நீச்சல்குளம் நமக்குப் பக்கம், ஆனால் கூட்டம் இருக்கும் நேரத்தில் போய் வெட்சூட் போட்டு நின்றால் நீந்த இடம் கிடைக்காது, வேடிக்கை பார்ப்பவர்கள்தான் கிடைப்பார்கள். வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கு வந்து பறக்கும் ரயில் பிடித்தால் வேளச்சேரி வரை உட்கார்ந்தே போகலாம். எந்தக் குளமானாலும் பொறுப்பாளரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். நைலான் நீச்சலுடை மட்டும்தான் என்று கறாராக இருக்கும் குளங்கள் உண்டு.

பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் வேண்டாம். வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பது நீந்துகிறவருக்கு எளிதில் தெரியாது, வியர்ப்பதும் தெரியாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் திறந்தநீர்ப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். நீர் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. உலகத் தரத்து நீச்சல்காரர், உடம்பில் வெட்சூட்டும் கிடையாது. அதற்குப் பிறகுதான் திறந்தநீர்ப் போட்டிக்கு 31 டிகிரி என்ற மேல் எல்லை வந்தது. நம் குளங்களின் நீர் பல மாதங்கள் அந்தச் சூட்டுக்கு வெகு தொலைவில் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஏறி ஜிப்பைத் திறந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில், காலை முதல் வேளையில் பழகுவது நல்லது. தனியாகப் போகாதீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறங்கியதும் கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடுங்கள். சூட் தோலோடு படியும், நெஞ்சிறுக்கம் குறையும். அதிகமாகிவிட்டால் கரையேறும் படியில் நின்று நீரை வழியவிடலாம். மெதுவாக நாலைந்து நீளம் நீந்துங்கள். கால் தானாக மேலே மிதக்கும், எனவே கால் உதைப்பதைக் குறைத்துவிடுங்கள். கை திரும்பி வரும்போது முழங்கையை உயர மடக்கிப் பழகியவர்கள் கொஞ்சம் அகலமாக, தளர்வாக வீசினால் தோள் சீக்கிரம் சோராது. மல்லாந்து படுத்தும் பாருங்கள். ஒன்றும் செய்யாமலே மிதப்பீர்கள். பதற்றம் வந்தால் போட்டியில் செய்ய வேண்டியதும் இதுவே: மல்லாந்து படுத்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்து, தேவையானால் கையை உயர்த்திப் படகைக் கூப்பிடுவது. படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், படகோடு முன்னேறாத வரை தகுதி நீக்கம் இல்லை.

மற்ற நாளெல்லாம் சூட் இல்லாமல் நீந்துங்கள். தொடைகளுக்கு நடுவே 'புல் பாய்' (pull buoy) என்ற நுரை மிதவையை வைத்துக்கொண்டு நீந்தினால் வெட்சூட்டின் மிதப்பு கிட்டத்தட்ட வந்துவிடும். சொறி மீன் பயத்துக்காகக் கடலில் முழுக்கை வேண்டும் என்றால் மெல்லிய லைக்ரா சட்டை போதும்.

குளிருக்குப் பழகுவது

வெட்சூட் முகத்தையும் கையையும் பாதத்தையும் மூடாது. 16 டிகிரி நீரில் முகம் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் இது. அடங்கும் என்று தெரியாதவர்கள்தான் பதறுகிறார்கள். குளிர்நீரில் சில முறை இறங்கி எழுந்தாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காசிமேட்டில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமா? ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் பார் வாங்கிப் போட்டு, வெப்பமானியில் 15, 16 டிகிரி வந்ததும் கழுத்து வரை இறங்குங்கள். இரண்டு மூன்று நிமிடம், வாயால் நீளமாக மூச்சை விட்டபடி. மீனுக்குப் போடும் ஐஸ் என்பதால் அந்த நீரில் முகத்தை முக்க வேண்டாம். முகத்துக்குத் தனியாக ஒரு பேசினில் வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

குளிர்நீரில் இறுக்கமான சூட்டோடு நீந்தும்போது மிக அரிதாகச் சிலருக்கு நுரையீரலில் நீர் கோர்க்கும். நிற்காத இருமல், வேகம் குறைத்தாலும் அடங்காத மூச்சிரைப்பு, இளஞ்சிவப்பு நுரை ஆகியவை அதன் அறிகுறிகள். இதில் வீம்புக்கு இடமில்லை, உடனே கையைத் தூக்குங்கள்.

போட்டியன்று

சூட்டைக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள், விமானத்தில் போடும் பெட்டி தாமதமானால் சைக்கிளையாவது வாடகைக்கு எடுக்கலாம், உங்கள் அளவு வெட்சூட் கிடைப்பது சந்தேகம். போட்டிக்கு முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ அதே நீரில் பத்து நிமிடமாவது நீந்துங்கள். நேரம் காட்டும் சிப் பட்டையைக் கணுக்காலில் கட்டி அதன்மேல் சூட்டின் ஓரத்தை விடுங்கள், கழற்றும்போது சிப் தெறிக்காது. இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொண்டு காத்திருந்து, தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில் மேல்பகுதியைப் போடுங்கள். குளிர் அதிகமென்றால் இரண்டு தொப்பி மாட்டிக்கொள்ளலாம்.

கழற்றுவது போடுவதைவிட எளிது. கரையேறி ஓடத் தொடங்கியதும் முதுகுக் கயிற்றை இழுத்து ஜிப்பைத் திறங்கள், கைகளை உருவி இடுப்பு வரை இறக்குங்கள். சூட்டுக்குள் தண்ணீர் இருக்கும் முதல் நிமிடத்தில்தான் அது வழுக்கிக்கொண்டு வரும். சைக்கிள் பக்கம் போனதும் முழங்காலுக்குக் கீழே தள்ளி, ஒரு காலால் மிதித்து மறுகாலை உருவுங்கள். இதையும் ஊரிலேயே, குளியலறையில் நனைந்தபடி, சில முறை பழகிவிட்டுப் போங்கள்.

'வெட்சூட் இல்லை' என்று அறிவித்துவிட்டால்? டிரைசூட்டோடு நீந்துங்கள். நெடுந்தூரப் போட்டியில் நீர் 25ஐ ஒட்டிவிட்டது என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள், அது நமக்கு ஜனவரி மாத மெரினா. பக்கத்தில் நிற்கும் குளிர்நாட்டுக்காரர்கள் முகம் வாடும் நேரம் அது. ஆண்டு முழுக்கச் சூட் இல்லாமல் பழகியிருந்தால் உங்களுக்கு இழப்பு சில நிமிடம் மட்டுமே.

கழுவுவதும் காயவைப்பதும்

நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரையோர வீடுகளில் போர்வெல் நீர் உப்பாக இருக்கும், அதில் அலசினால் கடலில் அலசியதற்குச் சமம். மெட்ரோ வாட்டர் ஒரு பக்கெட் ஒதுக்குங்கள். குளோரின் நீரில் நீந்திய நாளில் இது இன்னும் முக்கியம். வாஷிங் மெஷின், வெந்நீர், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. உட்புறத்தை வெளியே திருப்பி, இடுப்புப் பகுதி படும்படி தடித்த குழாயிலோ அகலமான கைப்பிடியிலோ போட்டு நிழலில் காயவிடுங்கள். கொடிக்கம்பியில் போட்டால் மடிப்பில் வெடிக்கும், மாடி வெயிலில் போட்டால் ரப்பர் இறுகும். உட்புறம் காய்ந்தபின் திருப்பிப் போடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும், ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

எப்படிக் கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பிறை வடிவில் ஒரு நகக்கீறல் விழும். அடித்துணி வரை கிழியாத வரை பயமில்லை. நியோப்ரீன் பசையைக் கீறலின் இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, அதன் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து அழுத்துங்கள். கீறல் விழுந்த வாரமே செய்யுங்கள், அடுத்த முறை போடும்போது அதே இடத்தில்தான் விரல் போகும்.